வாய் திறக்காத ஒரு மணித்தியாலம்

இரத்தினவேல் எழுதிய பகிடிக் கதை பத்திரிகையில் வந்த கிழமை முழுக்க, புலம்பெயர்ந்து வந்து அவர் குடியிருக்கும் டோர்செட் பார்க் வீட்டில் ரெலிபோன் ஓயவில்லை.

“வாசிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது அண்ணை.” எடுத்த எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள்.

மனைவி பாலேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. “எங்களை மதிச்சுக் கூப்பிட்ட சனத்தை இப்பிடி எழுதலாமே?” என்று கேட்டுவிட்டு அரிசி கழுவப் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். பாலேஸ்வரிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருகிற டொறத்தி என்ற வெள்ளைக்கார அம்மா குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். ஒரு ஞாயிறு இரண்டு பேரையும் தங்கள் வழிபாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே பாதிரியார் இல்லை. பாட்டு இல்லை. ஒரு மெழுகுதிரிகூட இல்லை. வட்டமாகக் கதிரை போட்டு ஒரு மணித்தியாலம் பேசாமல் இருந்தார்கள். யாருக்காவது உள்ளே இருந்து ஒரு சொல் வந்தால் எழும்பிச் சொல்லலாமாம். அன்றைக்கு ஒருத்தரும் எழும்பவில்லை. எதிரே இருந்த நெட்டைக் கிழவர் குறட்டையே விட்டார்.

பகிடிக் கதை எழுதுகிறவருக்கு இது போதாதா?

வாய் மூடியிருந்தவர்களின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று ஒவ்வொருத்தராக எடுத்து வைத்து அளந்துவிட்டார். ஒருத்திக்கு ஓவனில் வைத்துவிட்டு வந்த வான்கோழி. ஒருத்தருக்கு இன்னும் தண்டம் கட்டாத பார்க்கிங் டிக்கெட். இன்னொருத்திக்கு மருமகளோடு மனத்துக்குள்ளேயே சண்டை.

அடுத்த பாடத்துக்கு டொறத்தி வந்தபோது பாலேஸ்வரி விஷயத்தை உடைத்துவிட்டாள். எங்களைப் பற்றிய கதையா, உடனே கேட்கவேணும் என்று டொறத்தி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரத்தினவேலுக்கு வேர்த்தது. தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். விழுங்கப் பார்த்த இடங்களில், “அதையும் சொல்லுங்கோ” என்று பாலேஸ்வரி பிடித்துக்கொண்டாள்.

டொறத்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். குறட்டைக் கிழவர் தன்னுடைய கணவர்தான் என்றும், இதை அவருக்குச் சொல்லாவிட்டால் தனக்கு நித்திரை வராது என்றும் சொன்னார்.

இரத்தினவேலுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த உற்சாகத்தில், “உண்மையிலை அண்டைக்கு என்னத்தைத்தான் யோசிச்சனீங்கள்? அடுத்த கதைக்கு உதவும்,” என்று கேட்டார்.

டொறத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வான்கோழியும் டிக்கெட்டும் வந்து போகிற ஞாயிறுகள் உண்டுதானாம். அன்றைக்கு மட்டும் அப்படியில்லையாம். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்த இடப்பெயர்வில் காணாமல் போன இரத்தினவேலின் தம்பியைப் பற்றி பாலேஸ்வரி டொறத்தியிடம் சொல்லியிருந்தாளாம். தமையன் அதைப் பற்றி ஒருத்தரோடும் கதைப்பதில்லை என்றும் சொன்னாளாம். அதனால் டொறத்தி சபையில் எல்லாருக்கும் முதலே அறிவித்திருந்தார்.

“அந்த ஒரு மணித்தியாலமும் உங்கட தம்பிக்குத்தான். அதுக்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்ச நேரம் அவரை நினைச்சுக்கொண்டு இருக்கிறம்.”

இரத்தினவேல் கையிலிருந்த பத்திரிகையை மடித்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“ஒரு உதவி செய்யவேணும்,” என்றார் டொறத்தி. “அவரின்ர பெயரை ஒருக்கா ஆறுதலாச் சொல்லித் தாங்கோ. நாங்கள் மனசுக்குள்ளை பிழையாச் சொல்லுறமோ எண்டு பயமாயிருக்கு.”

தம்பி தொலைந்த பிறகு இரத்தினவேல் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

இப்போது எழுத்துக் கூட்டுவதுபோல் மெல்லச் சொன்னார்.

“அன்பு… ராசா.”