அம்மாவிடம் போய்க் கேட்பதா?

குடிகாரப் புருஷனோடு வாழ்நாளில் பாதியைக் கழித்த என் அம்மா பவுனம்மாளைப் பார்த்து, "நீங்க குடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டார் ஒரு டாக்டர். மலேசியாவின் கிள்ளானில், அரசாங்கக் கிளினிக்கில், பெற்ற மகள் நான் பக்கத்தில் இருக்கும்போதே.

அம்மா வந்தது பிரஷருக்கு. மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் இறங்கவில்லை. இப்படியே போனால் ஒரு நாள் கை கால் விழுந்துவிடும் என்று போன முறையே எச்சரித்திருந்தார்கள். அந்தப் பயத்தில்தான் யூனிவர்சிட்டியில் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் கூட வந்தேன்.

டாக்டர் சுமையா நம்ம ஆள்தான், தமிழ் முஸ்லிம். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம்.

"தங்கச்சி, கொஞ்ச நேரம் வெளிய உக்கார்றீங்களா?"

"எதுக்கு? நான் அவங்க மகள்."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் நகரவில்லை.

"சரி. ஆன்டி, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடாம? இவ வாட்ஸ்அப்புல கேட்டுக் கேட்டே உயிரை எடுக்கிறா."

"உப்பு?"

"உப்பு டப்பாவையே ஒளிச்சு வச்சிட்டா டாக்டர். கறி வாயில வைக்க முடியல லா."

டாக்டர் சிரித்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"பீர், ஸ்டவுட், பிராந்தி, சம்சு. இந்த மாதிரி ஏதாவது நீங்க குடிப்பீங்களா? எப்பவாவது? அடிக்கடி?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன டாக்டர் கேள்வி இது?"

"ஆன்டி சொல்லட்டும் தங்கச்சி."

"நான் சொல்றேன். எங்கம்மா கையுறை பாக்டரியில நின்னுக்கிட்டே ஷிப்ட் பாக்கிறவங்க. வெள்ளிக்கிழமைன்னா கோயில். தமிழ் முகத்தைப் பாத்தாலே குடிகாரின்னு முடிவு பண்ணிடுவீங்களா?"

"பிரஷர் இறங்கலன்னா யாரா இருந்தாலும் கேப்போம். இனம் பாக்கிறதில்ல."

"யாரா இருந்தாலுமா?"

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். எங்களுக்கு முன்னால் பார்த்துவிட்டு வந்த சீனப் பெரியவர், மருந்துச் சீட்டோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், டாக்டர் ஆஸ்க் யூ ஆ? டிரிங்க் ஆர் நாட்?"

"ஆஸ்க் லா. ஐ சே பீர், எவ்ரி நைட். ஷி சே கட் டவுன். மை வைஃப் ஆல்சோ சே. வைஃப் சே, ஐ நோ நீட் லிசன். டாக்டர் சே, ஐ மஸ்ட் லிசன்."

கதவைச் சாத்தினேன். ஒரு வாதம் விழுந்தால் எனக்கென்ன, அடுத்தது இருக்கிறது.

"சரி, ஆம்பளைங்களைக் கேளுங்க. பொம்பளைங்களையுமா?"

"பொம்பளைக்கு வந்தா பிரஷர் வேறயா தங்கச்சி?"

"பேச்சு நல்லா இருக்கு டாக்டர். இதே கேள்விய எங்கப்பாகிட்ட கேட்டிருக்கணும். லோரி ஓட்டுன சம்பளம் வீடு வந்து சேராது. வயித்து வலின்னு இதே கிளினிக்குக்கு எத்தனை தடவை வந்தாரு தெரியுமா? ஒருத்தர் கேக்கல. வலி மாத்திரையக் குடுத்து அனுப்பிட்டே இருந்தாங்க. கண்ணு மஞ்சளா ஆனதுக்கு அப்புறம்தான் ஈரலே போச்சுன்னாங்க. சாகிற வரைக்கும் அவர் வாந்தியத் தொடச்சவங்க இவங்க. அவர் கையால அடி வாங்கினவங்க இவங்க. இவங்களைப் போய்க் கேக்கிறீங்களே, நியாயமா?"

டாக்டரின் குரல் தணிந்தது. "அவர்கிட்ட கேக்காம விட்டது தப்புதான். அந்தத் தப்பைத் திரும்பப் பண்ணக் கூடாதுன்னுதான் இப்ப எல்லார்கிட்டயும் கேக்கிறோம்."

"அப்பாவைக் கேக்காத பாவத்துக்கு அம்மாவை அவமானப்படுத்துவீங்களா? இவங்க தலை குனிஞ்சு உக்காந்திருக்கிறதைப் பாருங்க. ஒரு மரியாதைக்காவது மன்னிப்புக் கேளுங்க."

டாக்டர் அம்மா பக்கம் திரும்பினார். "மனசு நோகிற மாதிரி கேட்டிருந்தா மன்னிச்சிடுங்க ஆன்டி."

பிறகு கணினியில் எதையோ தட்டினார். "குடிக்கிற பழக்கம் இல்லைன்னு போட்டிருக்கேன் தங்கச்சி. சரிதானே? மாத்திரைய இன்னும் கொஞ்சம் கூட்டித் தர்றேன்."

யூனியில் எத்தனையோ வாதத்தில் ஜெயித்திருக்கிறேன். எதிலும் இவ்வளவு நிறைவு இருந்ததில்லை. கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"எந்திரிம்மா, போலாம்."

அம்மா எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், நீங்க கேட்டது என்னைத்தானே?"

"ஆமா ஆன்டி."

"இவதானே பதில் சொன்னா. நான் இன்னும் சொல்லலியே."

"விடும்மா. அதான் மன்னிப்புக் கேட்டுட்டாங்கல்ல?" என்று அவள் தோளைத் தொட்டேன்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் இருந்த வரைக்கும் தொட்டதில்ல டாக்டர். இப்ப தினமும். எப்படி நிறுத்துறதுன்னு சொல்லுங்க."