சீல் உடைந்த டப்பா

"தொடாதீங்க! அதுல விஷம்!"

சத்துப் பவுடர் டப்பாவை எடுக்கப்போன பெண்மணி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த நிமிடம் சூப்பர் மார்க்கெட்டே வாசலுக்கு ஓடியது. தள்ளுவண்டிகள் போட்டது போட்டபடி நின்றன.

கத்தியவள் மட்டும் ஓடவில்லை. யாரும் அந்த டப்பாவை நெருங்காதபடி, அலமாரியை மறைத்துக் கைகளை விரித்து நின்றாள்.

காவலாளிதான் அவளை இழுத்து வந்தார். "ஏம்மா, மூடியத் திறந்து விளையாட இது கடையா, உங்க வீட்டு அடுக்களையா?"

போலீஸ் வந்ததும் மேனேஜர் அறையில் கேமராப் பதிவைப் போட்டார்கள்.

சீல் உடைந்த டப்பா அவள் கையில். மூடியைத் திறக்கிறாள். மூடுகிறாள். முன்வரிசையில் வைக்கிறாள். ஒளிவு மறைவே இல்லை. போதாததற்குக் கேமராவை நிமிர்ந்து வேறு பார்க்கிறாள்.

"கொழுப்பப் பாத்தீங்களா சார்!" மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது.

இன்ஸ்பெக்டர் அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஜனங்க வாங்குற பொருள்ல விஷம் வெச்சா என்ன ஆகும் தெரியுமா? வருஷக்கணக்கா கம்பி எண்ணணும்."

"தெரியும் சார். டப்பாவ லேபுக்கு அனுப்புவீங்கல்ல?"

"பின்ன, வெச்சு அழகு பாப்பமா? இன்னைக்கே போகும்."

டப்பா உறைக்குள் போனது. அரக்கு முத்திரை விழுந்தது. மேனேஜர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அதுவரை நாற்காலி நுனியில் இருந்தவள், முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு. உள்ள என்னத்தக் கலந்த?"

"நான் எதுவும் கலக்கல சார். அது இந்தக் கடை டப்பாவே இல்ல. என் தங்கச்சி வீட்டு டப்பா."

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

போன வாரம் இதே டப்பாவோடு ஸ்டேஷனில் வந்து நின்றவள். தங்கைக்கு அவள் புருஷன் தினமும் தன் கையாலேயே பாலில் கலக்கிக் கொடுத்த பவுடர் இது, ஒருமுறை சோதித்துப் பாருங்கள் என்று கெஞ்சியவள்.

குடும்ப விவகாரம், துக்கத்தில் உளறாதே என்று விரட்டியது அவரேதான்.

"உடம்ப அவசர அவசரமா எரிச்சுட்டான் சார். மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்."