ஒரு மாடு கட்டும் இடம்

"பொண்ணு என்ன பண்றா சேனாபதி? இன்னும் மாடுதான் மேய்க்கறாளா?"

வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் முப்பது பேர் தட்டும் கையுமாக நிற்கும்போது பத்மநாபன் இப்படிக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சேனாபதி சாம்பார் சாதத் தட்டைக் கீழே வைத்தார்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற ஊரில் நம்மவர் பிள்ளைகள் எல்லாம் சனிக்கிழமை, காலேஜில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. பரீட்சைக்குக் கோச்சிங் போவார்கள். சேனாபதியின் மகள் வான்மதி மட்டும், விவசாயப் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தும் தொழுவத்தில், கால்நடைக் கண்காட்சிக்கென்று ஒரு மாட்டை வளர்த்தாள். மிச்ச நேரத்தில் வாலிபால். கேட்டால், கால்நடை டாக்டருக்குப் படிக்கப் போகிறாளாம். அதற்கான காலேஜையும் பார்த்து வைத்திருந்தாள்.

சேனாபதி காங்கேயத்துக்காரர். தன் அப்பா எட்டு மாடு வைத்திருந்ததைப் பற்றி அமெரிக்காவில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

வான்மதியின் பள்ளிக்கூடத்திலேயே படிக்கும் தன் மகன் மதனுக்குப் புத்தகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று பத்மநாபன் பீற்றிக்கொண்டார். பிறகு சேனாபதியைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். குரலில் அக்கறை சொட்டியது.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கடல் தாண்டி வந்து மாடு மேய்ச்சா நாலு பேர் என்ன நினைப்பாங்க? உடனே நிறுத்து. இந்த வருஷம் அவ காலேஜுக்கு அப்ளை பண்ணணும்ல?"

நாலு பேர் என்றாலே சேனாபதிக்கு நடுக்கம். அந்த நாலு பேர் யாரென்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்றே வீட்டில் தீர்ப்பு. மாட்டை விற்றாக வேண்டும். வாலிபாலை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன், மாட்டை மட்டும் பிடுங்காதீர்கள் என்று வான்மதி இங்கிலீஷில் கெஞ்சினாள்.

"அவ அழறது உங்க கண்ணுக்குத் தெரியலியா?" என்றாள் மனைவி வசந்தாமணி.

தெரிந்தது. ஆனால் முப்பது பேர் சிரித்ததுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய், தொழுவத்தில் வான்மதியின் இடத்தைக் காலி செய்வதாக எழுதிய கடிதத்தை விவசாய வாத்தியாரிடம் நீட்டினார். வான்மதி பக்கத்தில் தலை குனிந்து நின்றாள்.

வாத்தியாருக்கு வருத்தம்தான். இருந்தாலும், இருப்பதே பன்னிரண்டு இடம், ஒரு பையன் மூன்று மாதமாகக் காத்திருக்கிறான், அவனுக்காவது கிடைக்கட்டும் என்றார். வெறும் மார்க்கை மட்டும் பார்த்துப் பெரிய காலேஜில் எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அதிலிருந்து பையனின் அப்பா வாரம் தவறாமல் வந்து நச்சரிக்கிறாராம். இன்று காலையில்கூட வந்து, சீக்கிரமே ஓர் இடம் காலியாகும் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"இந்தியர்தான். உங்களுக்குத் தெரிந்தவராகக்கூட இருக்கலாம்" என்று விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார்.

மதன் பத்மநாபன்.

சேனாபதி தன் கடிதத்தை வெடுக்கென்று திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் திணித்தார். "வான்மதி, போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வா."

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்படியென்றால் இந்தப் பையனின் அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? பாவம், தினமும் சாணி அள்ள நானே வருகிறேன் என்று கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறாரே" என்றார்.