சும்மா விட்ட இடம்

தேனியில் நடந்த கூட்டத்தில், திரையில் ஜேசுராஜின் புல்லைப் போட்டார்கள். சுருளியாண்டிக்கு வயிறு எரிந்தது.

இருவரும் வனத்துறையில் ஒரே நாளில் வாட்சராகச் சேர்ந்தவர்கள். மலையடிவாரத்தில் புல்லை அழித்துப் புதராக மண்டிக் கிடந்த உண்ணிச்செடியைப் பிடுங்கி எறிந்த பிறகு, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மகாலட்சுமி மேடம் ஆளுக்கு அரை ஏக்கர் பிரித்துக் கொடுத்தார். ஜேசுராஜ் தன் இடத்தில் புல்விதை தூவ வேண்டும். சுருளியாண்டி தன் இடத்தில் ஒன்றுமே செய்யக்கூடாது. புல் தானாக வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

ஒன்றும் செய்யாமலிருக்க ஓர் ஆள்! ஊரில் யாராவது கேட்டால் என்னவென்று சொல்வது?

இரண்டு வருடமும் மேடம் ஜீப்பை விட்டு இறங்கியதும் ஜேசு, ஜேசு என்றுதான் கூப்பிட்டார். டேப் பிடிக்க ஜேசு. போட்டோவுக்கு நிற்க ஜேசு.

ஜேசுராஜ் அதையெல்லாம் தலைக்கு ஏற்றிக்கொள்கிறவனும் இல்லை. கொண்டுவரும் சோற்றில் பாதியைச் சுருளியாண்டிக்குத்தான் தள்ளுவான். அதில் இன்னும் எரிந்தது.

அடுத்த படம் வந்தது. சுருளியாண்டியின் அரை ஏக்கர். அங்கேயும் அதே இடுப்பளவு புல்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

முன்வரிசையில் இருந்த பெரிய அதிகாரி பேனாவை மூடினார். அப்படியானால் மீதி முந்நூறு ஏக்கருக்கு விதையே வேண்டாம், செடியைப் பிடுங்கிப் போட்டால் போதும் என்றார்.

புல் இல்லாவிட்டால் காட்டுமாடு கீழே இறங்கும். போன தையில் காமயகவுண்டன்பட்டியில் அவை சாய்த்த திராட்சைப் பந்தல்களில் சுருளியாண்டியுடையதும் ஒன்று.

மேடத்துக்குச் சந்தேகம் தீரவில்லை. தேனிக்கு வந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, "சுருளியாண்டி அண்ணே, நீங்க அங்கன ஒண்ணும் தூவலையே?" என்று கேட்டார்.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் பெயர்.

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஓய்வு நாள்தோறும் மலைக்கு மேலே ஏறி, மடி மடியாகப் புல்விதை உருவிக்கொண்டு வந்து, ஒரு குருவிக்கும் தெரியாமல் தூவினது அவன்தான். சொல்லிவிட்டால் மலை பிழைத்துக்கொள்ளும், பந்தலும் பிழைக்கும்.

சொல்லிவிட்டால் ஜேசுராஜின் புல் ஜெயித்துவிடும்.

"இல்லைங்க மேடம். தானா வந்துச்சு."

முதலில் கைதட்டியவன் ஜேசுராஜ். எழுந்து நின்று தட்டினான்.