ரோனியின் டாடி

"இவனை இன்னிக்கு உரிச்சிடறேன் மேடம்!" கொர்னேலியஸ் இடுப்பு பெல்ட்டில் கை வைத்தார். "சோத்தைக் கட்டிக் குடுத்து அனுப்பினா, பேத்தமங்களா ஏரியில மீன் புடிச்சினு இருக்கான்!"

தலைமை ஆசிரியை வினோலியா பதறவில்லை. "பெல்ட்டை விட்டுட்டு உக்காருங்க," என்றவர் ஆயாவைக் கூப்பிட்டார். "மங்கம்மா, சாருக்கு ஒரு காபி. சர்க்கரை வேணாம்."

பக்கத்தில் நின்ற ரோனி தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

அவனுடைய நிஜ அப்பாவும் அம்மாவும் முதல் ரயிலில் பெங்களூர் போனால், இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். மகன் பத்தாம் வகுப்பில் பாதி நாள் மட்டம் போட்டது அவர்களுக்குத் தெரியாது. அப்பாவைக் கூட்டி வராவிட்டால் பரீட்சைக்கு விடமாட்டேன் என்று மேடம் சொல்லிவிட்டார்.

ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருந்த இந்தக் கொர்னேலியஸை ரோனி பிடித்தான். பெங்களூர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவராம். தலைக்கு டை அடித்திருந்தார். ஒரு பிளேட் பிரியாணிக்கு அப்பாவாகச் சம்மதித்தார்.

நடிப்பு பிரமாதம். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். "இனிமே இவன் ஒரு நாள் மட்டம் போட்டாலும் என்னைக் கேளுங்க மேடம்!"

"கேப்பேன்," என்றார் வினோலியா.

மறுநாள் காலை ஸ்கெலட்டன் பகுதியில் இருந்த ரோனி வீட்டு வாசலில் ஹாரன் சத்தம். ஸ்கூட்டரில் கொர்னேலியஸ்.

"இன்னா அங்கிள்? பிரியாணி துன்னாச்சுல்ல? வேலை முடிஞ்சிச்சு, போங்க!"

"அங்கிளா? டாடின்னு கூப்புடு. ஏறு வண்டில."

அதற்கடுத்த நாளும் வந்தார். ஜுரம் என்றால் நாக்கை நீட்டச் சொன்னார். பின்கதவு வழியாக ஓடினால் ஸ்கூட்டர் அங்கே நின்றது. சட்டையை பேன்ட்டுக்குள் விடாமல் வண்டியில் ஏற்றவில்லை.

மாதக் கடைசியில் வகுப்பிலேயே ஒரு நாளும் தவறாமல் வந்தவன் ரோனிதான். மீன் பிடிக்கிற சிநேகிதர்கள் அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

பொறுக்க முடியாமல் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மேடம், பரீட்சைக்கு விடலைன்னாலும் பரவால்ல. அந்த ஆளு எங்க டாடியே இல்ல மேடம், பஸ் ஸ்டாண்டுல புடிச்ச ஆளு! எப்டியாவது துரத்தி வுடுங்க!"

வினோலியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பெருமூச்சு விட்டார்.

"முடிஞ்சா நான் எப்பவோ துரத்தி இருப்பேன்டா. அவரு என் வூட்டுக்காரரு."