திரும்பி வர எத்தனை பேர்

அந்தப் பின்னேரம் காத்தான்குடி வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். பாயில் முத்தலிப். கதிரையில் மட்டக்களப்பு ஸ்டேஷனில் டிக்கட் கொடுக்கும் நோபேட். சுவரோரம் பாக்கு வெட்டிக்கொண்டு முத்தலிப்பின் தாய் ஆயிஷா உம்மா. அந்நிய ஆண் வந்திருந்ததால் தங்கை சபூரா உள்ளறைக் கதவுக்குப் பின்னால். அவள் குரல் மட்டும்தான் வெளியே வரும்.

பேச்சு அங்கே இல்லாத ஒருவனைப் பற்றி.

முகைதீன்பாவா, சபூராவின் புருஷன். துணி விற்க நாகூரிலிருந்து வந்தவன். ஊர் வழக்கப்படி பெண்ணின் வீட்டிலேயே குடியிருந்தான், இரண்டு வருஷம். மட்டக்களப்புக்கு ரெயில் வந்த வருஷம், நாகூர் தர்காக் கந்தூரிக்குப் போய்வருகிறேன் என்று அதே ரெயிலில் ஏறினான்.

ஆறு வருஷமாகிவிட்டது.

ஆள் சாகவில்லை. போன கந்தூரியில் ஊரவர் ஒருவர் கண்டுவந்து சொன்னார். வருஷா வருஷம் கந்தூரி நாட்களில் மட்டும் நாகூரில் நிற்பானாம். சந்தனக்கூடு முடிந்த கையோடு பினாங்குக் கப்பல்.

அதற்குள் முத்தலிப்பும் சபூராவும் போய் அவனைப் பிடிக்க வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருஷம். சபூராவுக்கு இப்போதே இருபத்தாறு. பெண்டாட்டியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை.

“கந்தூரி எத்தினையாம் தேதி, காக்கா?” என்றார் நோபேட். முத்தலிப்பை அவர் அண்ணன் முறையில் காக்கா என்றே கூப்பிடுவார்.

“பிறை கண்டாத்தான் தெரியும் தம்பி.”

“பிறைக்கு டிக்கட் எழுத ஏலாது. எங்கட வேளாங்கண்ணிக்கெண்டா வருஷா வருஷம் ஒரே தேதிதான்.”

“அப்ப ரெயில்காரரக் கேட்டுத்தான் மாதாவுக்குத் திருநாளா?”

நோபேட் சிரித்தார். ஆனாலும் பேனாவை மூடிவிட்டார். மாதம் இருபத்தொன்பதில் பிறை தெரிந்தால் கந்தூரி ஒரு நாள், முப்பதானால் மறுநாள். கடலுக்கு அக்கரையில் வேறு நாளிலும் தெரியலாம். எந்த ரெயிலில் ஏறுவது?

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ரெண்டு நாள் முந்திப் போனா என்ன? எங்க பிறை கண்டாலும் நாம நாகூரில இரிப்பம். மட்டக்களப்பில ஏறி மாகோவில இறங்கணும். அங்க தலைமன்னார் ரெயில். தலைமன்னாரில கப்பல். மறுகா தனுஷ்கோடியில ரெயிலேறி, தஞ்சாவூரில மாறினாச் சரி.”

நோபேட் தன் நேர அட்டவணையைப் புரட்டினார். ஒவ்வொரு சந்தியும் சரியாக இருந்தது.

போன வருஷம் அவர் தூக்கிப் போட்ட பழைய அட்டவணை இந்த வீட்டில்தான் கிடந்தது. சபூராவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும். ஊர்ப் பெயர்களை முத்தலிப் எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னான். மாறி ஏறும் இடங்களில் அவள் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக்கொண்டாள். எதற்கென்று அவன் கேட்கவில்லை.

“இந்தப் புள்ளய ஸ்டேஷனில இருத்தினா நான் வீட்ட போய்ப் படுக்கலாம்” என்றார் நோபேட்.

முத்தலிப்புக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பொலன்னறுவைக்கு அப்பால் போனதில்லை. ஆனால் அவனுக்குப் பயம் ரெயிலிலோ கப்பலிலோ இல்லை, மச்சானிடம்தான். காலைப் பிடித்தாவது கூட்டி வருவதாகப் பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்மாருக்கு வாக்குக் கொடுத்திருந்தான். என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று ஒரு மாதமாக வாவியில் குளிக்கும்போதெல்லாம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உம்மாவின் பாக்குவெட்டி கிளிக் கிளிக் என்றது.

நோபேட் பேனாவைத் திறந்தார்.

“போக ரெண்டு. திரும்பி வர எத்தின பேர்?”

“மூணு” என்றான் முத்தலிப்.

“ரெண்டு” என்றது கதவு.

முத்தலிப் திரும்பிப் பார்த்தான்.

“அவரக் கூட்டி வர நான் போகல்ல காக்கா. தலாக் வாங்கத்தான் போறன். எல்லாக் கடுதாசியிலயும் அதத்தான் கேட்டன். நேர போய் நிண்டா, இல்லண்டு சொல்ல அவருக்கு வாய் வராது.”

கடிதங்களை அவள் அரபு எழுத்தில் தமிழாக எழுதுவாள். நாகூர் விலாசத்துக்குத் தபாலில் சேர்த்தவன் முத்தலிப். ஒன்றையும் அவன் பிரித்துப் படித்ததில்லை. வரச் சொல்லி அழுகிறாள் என்றே நினைத்திருந்தான்.

அவன் கண் உம்மாவிடம் போனது. மருமகனைக் கூட்டி வரப்போகிறோம் என்று சொல்லித்தான் இந்தப் பயணத்துக்கு அவளிடம் சம்மதம் வாங்கியிருந்தான்.

பாக்குவெட்டி நின்றது.

“எழுது தம்பி” என்றாள் உம்மா. “புள்ள சொல்றதுதான் சரி. ரெண்டு.”

ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்த கெஞ்சலுக்கு இனி வேலை இல்லை. முத்தலிப்புக்கு நெஞ்சு இலேசானது. இலேசானதற்காகக் கொஞ்சம் வெட்கமும் பட்டான்.

உம்மா எழுந்தாள்.

“மரைக்கார் வந்து ஞாயம் பேசத் துவங்கினா விடியும். இப்பவே தம்பியோட பாலம் தாண்டி ஸ்டேஷனுக்குப் போய் டிக்கட்ட எழுதிக்கிட்டு வா மனே. கெதியா.”

இருவரையும் தள்ளாத குறையாக வாசலுக்கு அனுப்பினாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது.

நோபேட் சைக்கிளை எடுத்தார். முத்தலிப் நின்ற இடத்திலேயே நின்றான்.

ஆறு வருஷமாக அந்த வாசல் கதவை உம்மா பூட்டியதில்லை. இரவிலும் சும்மா சாத்திவைப்பாள். எந்த நேரத்தில் வந்தாலும் மருமகன் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம்.

உள்ளே சாவி பூட்டில் நுழைந்தது. துருவோடு சற்று மல்லுக்கட்டியது. பிறகு இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டியது.