கரையை வெட்டிய காலை

ஊர்க் கண்மாயை மீட்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போனவள் பஞ்சவர்ணம். அவள் பக்கம் தீர்ப்பானது. அளந்து பார்த்தால், சேர்மனின் கல்யாண மண்டபத்தோடு அவள் மாமனார் கட்டிய வீடும் கண்மாய்க்குள்தான் இருந்தது. சேர்மன் மண்டபத்தை இடிக்கக் கூடாதென்று கோர்ட்டில் தடை வாங்கிக்கொண்டார்.

"நீயும் வாங்கிரு தாயி," என்றார் தலையாரி.

"எந்த வாயால கேக்கச் சொல்றீக?" என்றவள், இடிக்க வந்தவர்களுக்கு வழிவிட்டு அண்டாகுண்டாவோடு வெளியேறினாள்.

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகி, மறுநாள் கல்யாணம் நடக்கவிருந்த மண்டபத்துக்குள் புகுந்தது. விடிந்ததும் சேர்மனின் ஆட்கள் தண்ணீரை வடிக்கக் கரையை வெட்டினார்கள். பஞ்சவர்ணம் ஓடிவந்து வெட்டிய உடைப்பில் இறங்கிக் குறுக்கே நின்றாள்.

"ஏறு மேல! முகூர்த்தத்துக்கு நேரமாச்சு!" என்று கத்தினான் சேர்மனின் ஆள் ஒருவன்.

இடுப்பளவுத் தண்ணீர் அவளைத் தள்ளியது. கரையில் கூடியிருந்த ஊர்க்காரர்களில் ஒருவரும் இறங்கவில்லை.